ஒரு வசனம் போதாது, ஒரு புத்தகத்தை வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடிந்ததும் விடியாததுமாகக் கைபேசிக்கு வசனம் வந்துவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒன்று, சபையின் சிறு குழுவான செல் குரூப்பிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து சித்தப்பா அனுப்புவது ஒன்று. 'ஆமென்' என்று பதில் போட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினால், அன்றைய வேத வாசிப்பு அத்தோடு முடிந்தது. அனுப்புகிறவர்களின் அன்பை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரிலுள்ள தமிழ்ச் சபைகளில் வேதபாட வகுப்பு எடுக்கும் எங்கள் கண்ணில் ஒன்று தொடர்ந்து படுகிறது. வசனங்களைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த விசுவாசிகளில் பலர், வேதத்தின் 66 புத்தகங்களில் ஒரு சின்னப் புத்தகத்தைக்கூட ஒரே அமர்வில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததில்லை. தனிப்பட்ட வேத தியானம் நாளடைவில் வறண்டுபோக முதல் காரணம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறோம். அதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரிந்த வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி வாக்குத்தத்த அட்டையிலும் பிறந்தநாள் வாழ்த்திலும் புது வீட்டுச் சுவரிலும் இருக்கும். இதற்கு ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் உயிரோடு ஊர் திரும்பப் போவதில்லை. இன்னும் ஓர் அதிகாரம் பின்னால் போனால், 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னிலையில் சொல்கிறான். கேட்க இனிப்பான செய்தி. அது பொய் என்று சொல்ல வேண்டிய பாரம் எரேமியாவின் தலையில் விழுந்தது. அனனியா அந்த வருஷமே இறந்தும் போனான்.

இதையெல்லாம் படித்த பிறகு 29:11 சிறுத்துப் போய்விடுகிறதா? எங்கள் அனுபவத்தில் அது பலமடங்கு கனத்துவிடுகிறது. உடனே விடுதலை கிடைக்காத இடத்திலும் தேவன் தம் ஜனத்தை மறக்கவில்லை என்ற வாக்குத்தத்தமாக அது நிற்கிறது. அதே கடிதத்தில், அதே மக்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றும் (29:5-7) சொல்லப்பட்டிருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து இந்தத் தீவில் வேரூன்றிய நமக்கு இதைவிட நெருக்கமான வேதபகுதி எது? அட்டையில் இருக்கும் ஒரு வரியோடு நின்றுவிட்டால் இது கண்ணில் படவே படாது.

ஆகவே எங்கள் ஆலோசனை சுருக்கமானது. ஒரு மாதத்துக்கு ஒரு சிறு புத்தகம். அதை மட்டும்.

"ஒரு வருடத்தில் முழு வேதாகமம்" என்ற அட்டவணை தவறு என்று சொல்லமாட்டோம். அது எங்கே முறிகிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்தாக வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. கணக்குப்படி ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழைந்துவிடுவோம். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளிலேயே களைத்துப்போனவர்கள் அங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் தவறினால் ஆறேழு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் தவறினால் இருபதுக்கு மேல். பாக்கி ஏற ஏறக் குற்ற உணர்வும் ஏறி, புத்தகமே அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: எந்த முறையைப் பின்பற்றினாலும், விட்ட நாளைப் பிடிக்க ஓடாதீர்கள். இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

முதல் மாதத்துக்கு, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய பிலிப்பியர் நிருபம் நல்லது. 4 அதிகாரம், 104 வசனம். சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய கால் மணி நேரம்.

முதல் வாரம் தினமும் முழு நிருபத்தையும் வாசியுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம். விளக்கவுரை வேண்டாம், யூடியூப் செய்தி வேண்டாம், குறிப்புகூட வேண்டாம். வாய்விட்டு வாசிப்பது முக்கியம். இது சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்ட கடிதம். கண்ணால் மட்டும் ஓட்டினால் தெரிந்த வசனங்களில் வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம்; வாய் அப்படித் தாண்டாது. இரண்டாம் மூன்றாம் நாளில் சலிப்பு வரும். "இதைத்தான் நேற்றே வாசித்தோமே" என்று தோன்றும். பலர் விட்டுவிடும் இடம் அதுதான். நாலைந்து நாள் தாக்குப்பிடித்தால், அதுவரை கவனிக்காத இணைப்புகள் தாமாகவே மேலே வரத் தொடங்கும்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் பத்தி பத்தியாக, ஒரு நாளைக்கு ஏழெட்டு வசனம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில், வசனத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலைமையில், எந்தச் சொல் திரும்ப வருகிறது, 'ஆனால்', 'ஆகையால்', 'ஏனெனில்' எங்கே வருகிறது. வலப்பக்கத்தில் கேள்விகளை எழுதுங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. கேள்வி அங்கேயே இருக்கட்டும். இடப்பக்கம் நிரம்பாமல் "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்விக்குப் போகாதீர்கள். தனி தியானத்தில் நாங்கள் மிக அதிகமாகக் காணும் தவறு இந்த அவசரம்தான். மனதில் ஏற்கெனவே இருக்கும் கவலையை வசனத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதையே வசனத்தின் பதிலாக எடுத்து வருவோம்.

ஓர் உதாரணம். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற 4:6 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு நான்கு வசனம் முன்னால் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். ஒரே சிந்தையாயிருங்கள் என்று இருவருக்கும் தனித்தனியாகப் பவுல் புத்திசொல்கிறார். சுவிசேஷத்துக்காக அவரோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், இப்போது ஒருவரோடொருவர் இசைந்து போகவில்லை. இந்தக் கடிதம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அவர்கள் இருவருமே அங்கே உட்கார்ந்திருக்கக் கூடும். அப்படியே 2ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். "ஏக சிந்தையும் ஏக அன்புமுள்ளவர்களாயிருந்து" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார். அதற்குக் காரணமாகத்தான் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தியதைச் சொல்லும் 2:5-11 வருகிறது. தனியாக எடுத்துப் பாடுகிற அந்த மகத்தான பகுதி, மனத்தாங்கலில் இருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது என்று தெரியும்போது, நம் சபையில் யாரைப் பார்த்தால் நாம் வேறு வரிசைக்கு நகர்கிறோமோ அவர்களுடைய முகம் கண்முன் வரும்.

4:13க்கும் இதே கதிதான். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), ஓ நிலைத் தேர்வு எழுதும் பிள்ளைகளின் மேசையில் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஒட்டி வைத்திருப்போம். முந்தின வசனம் பட்டினியைப் பற்றியும் குறைவைப் பற்றியும் பேசுகிறது. எழுதியவர் காவலில் இருக்கிறார். நினைத்த மதிப்பெண் வராத நாளிலும் நிலைகுலையாமல் நிற்கப் பெலன் உண்டு என்பதும் இந்த வசனத்துக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் கடமை. சொல்லாமல் விட்டால், தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைக்கு அந்த வசனத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நான்காம் வாரம்தான் வெளியே போகும் வாரம். முதலில் அப்போஸ்தலர் 16. பிலிப்பி சபை எப்படி உருவானது என்பது அங்கே இருக்கிறது: லீதியாள், குறிசொல்லும் பெண், சிறைச்சாலைக்காரன். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியது இதே பட்டணத்தின் சிறையில்தான். அந்தச் சபைக்கு இன்னொரு காவலிலிருந்து "சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதுகிறார். அது வெறும் உபதேசம் என்று அங்கே ஒருவரும் நினைத்திருக்க முடியாது. பிலிப்பி ரோமக் குடியேற்றப் பட்டணம். ரோமக் குடியுரிமையைப் பெருமையாக நினைத்த ஊர். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" (3:20) என்பதை அந்தப் பின்னணியில் வாசியுங்கள். நிரந்தரவாச விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பிறகு ஒத்தவாக்கியங்களைத் திருப்பிப் பார்க்கலாம், விளக்கவுரையைத் திறக்கலாம். வலப்பக்கத்தில் எழுதி வைத்த கேள்விகளோடு விளக்கவுரைக்குப் போகிறவருக்கு அது உதவும். முதல் நாளே அதைத் திறந்தால், வேறொருவர் கண்டதைப் படித்ததுதான் மிச்சம்.

கதையாக இருக்கும் புத்தகங்களுக்கு வாசிப்பு கொஞ்சம் மாறும். ரூத் 4 அதிகாரம், 85 வசனம். இங்கே காட்சி எங்கே மாறுகிறது, யார் எப்போது வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் அதிகாரத்தில் ரூத்தின் மாமியார் நகோமி, கர்த்தர் என்னை "வெறுமையாய்" திரும்பிவரப்பண்ணினார் என்று ஊர்ப் பெண்களிடம் அழுகிறாள் (1:21). பக்கத்திலேயே ரூத் நிற்கிறாள். நகோமியின் கணக்கில் அவள் சேரவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் அந்தக் குடும்பத்தின் உறவினன் போவாஸ் ஆறுபடி வாற்கோதுமையைக் கொடுத்து, மாமியாரிடத்துக்கு "வெறுமையாய்ப்" போகவேண்டாம் என்கிறான் (3:17). அந்த வாற்கோதுமையைச் சுமந்து வருகிறவளும் அதே ரூத்தான். நகோமியின் வெறுமையை கர்த்தர் யாருடைய கையால் நிரப்பினார் என்பதை ஆசிரியர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டவர்களுக்கு அது தெரியும். கைபேசிச் செயலியில் ஒரு சொல்லைத் தேடி அது வரும் இடங்களையெல்லாம் பார்க்கும் வசதி இந்த மாதிரி வேலைக்கு மிகவும் உதவும்.

கதைகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. நடந்ததாக எழுதியிருப்பதெல்லாம் நாம் செய்ய வேண்டியது ஆகிவிடாது. வேலை மாறலாமா, இந்த வரனை முடிக்கலாமா என்று கிதியோனைப்போல அடையாளம் கேட்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. நியாயாதிபதிகள் 6:36ஐ நிதானமாக வாசியுங்கள். "தேவரீர் சொன்னபடி" என்றுதான் அவன் ஆரம்பிக்கிறான். தேவனுடைய சித்தம் என்ன என்று அவனுக்கு முன்பே சொல்லப்பட்டாயிற்று. ஆட்டுத்தோலைக் களத்திலே போட்டு அடையாளம் கேட்டது அறிவதற்காக அல்ல, அறிந்ததை நம்ப முடியாததால். அவனுடைய பயத்தைத் தேவன் பொறுத்துக்கொண்டார் என்பதில் நமக்கு ஆறுதல் உண்டு. முடிவெடுக்கும் முறையாக அதை எடுத்துக்கொள்ள அங்கே ஆதாரம் இல்லை.

அதிகார எண்களையும் வசன எண்களையும் நம்பி நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றவை. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியென் அச்சிட்ட பதிப்பிலிருந்து வருபவை. தேடிக் கண்டுபிடிக்க அவை பெரிய உதவி. ஆனால் சில இடங்களில் பொருளை நடுவில் வெட்டிவிடும். புனித வெள்ளியன்று வாசிக்கும் ஏசாயா 53 உண்மையில் 52:13இல் தொடங்குகிறது. கலியாண ஆராதனையில் வாசிக்கும் 1 கொரிந்தியர் 13, ஆவிக்குரிய வரங்களைக் குறித்துச் சண்டை போட்ட சபைக்கு, 12க்கும் 14க்கும் நடுவில் சொல்லப்பட்டது. ரோமர் 12 "அப்படியிருக்க" என்று தொடங்கினால் அதற்கு முன்னால் பதினொரு அதிகாரம் இருக்கிறது என்று பொருள்.

தமிழ் மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நம் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல் 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து தந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதன் ஓசைக்கு ஈடில்லை. ஜெபத்திலும் பாட்டிலும் ஊறிய மொழி அது. ஆனால் இங்கே பள்ளியில் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த பிள்ளைக்கு ரோமர் நிருபத்தின் நீண்ட வாக்கியங்கள் மூச்சுமுட்டும். அதைப் பக்திக் குறைவாக எண்ணி ஒதுக்க வேண்டாம். பழைய திருப்புதலோடு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையோ ஓர் எளிய தமிழ் மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பொது மொழிபெயர்ப்பில் புத்தகப் பெயர்கள் மாறியிருக்கும்: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் புத்தகங்கள் 73. பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், பெற்றோர் தமிழில் வாசிக்கட்டும், ஒரே பத்தியை. இரண்டிலும் வேறுபடுகிற இடத்தில் "ஏன்?" என்று கேட்டால், அதுவே அந்த வாரத்தின் குடும்ப ஜெப நேரத்துக்குப் போதுமான விஷயம்.

சில சின்னக் காரியங்கள். வேதாகமத் தாள் மெல்லியது; ஹைலைட்டரும் ஜெல் பேனாவும் மறுபக்கம் ஊறிவிடும். கலர் பென்சில் வாங்குங்கள், மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். கூடினால் எந்த நிறம் எதற்கென்று மறந்து பக்கமே வண்ணமயமாகிவிடும். செயலியில் வாசித்தால் முதலில் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நேரம் இருபத்தைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்துவிட்டுப் பத்தாம் நாள் விடுவதைவிட இது மேல். தொடங்கும்போது சங்கீதம் 119:18இன் ஜெபம் போதும்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்."

முடிக்கும்போது நோட்டின் அடியில் ஒரே வரி: நாளை இதே நேரத்துக்குள் செய்யக்கூடிய, செய்தோமா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரு காரியம். "இன்னும் அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது யாரையும் கட்டாது. "மூன்று மாதமாகப் பேசாத நாத்தனாருக்கு இன்று இரவு போன் செய்ய வேண்டும்" என்று எழுதினால் கை நடுங்கும். அந்த நடுக்கம் வந்தால் வசனம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் புதுப் பகுதியைத் திறக்குமுன் முந்தின வரியைப் பாருங்கள். செய்யவில்லை என்றால் அதையே ஜெபமாக்குங்கள்.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கும் தங்கும் விடுதிகளில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் சகோதரர்களுக்கும் அமைதியான அதிகாலை என்ற அறிவுரை உதவாது. அவர்கள் ஒலி வேதாகமத்தைக் காதில் மாட்டிக்கொள்ளலாம். உட்லண்ட்சிலிருந்து நகருக்கு வருவதற்குள் பிலிப்பியரை இரண்டு முறை கேட்டுவிடலாம். முதல் வாரத்துக்கு அது தாராளம். பத்தி பத்தியாக எழுதும் வேலையை ஓய்வுநாளில் நூலகத்திலோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

தனி தியானம் என்பதால் தனியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான், பொருள் பிடிபடவில்லை. "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று சுவிசேஷகன் பிலிப்புவிடம் கேட்கிறான் (அப்போஸ்தலர் 8:31). அதே புத்தகத்தை அதே மாதம் வாசிக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், தொலைபேசியில் பேசினாலும் போதும். அந்த வாரம் வலப்பக்கத்தில் எழுதிய கேள்விகளை மாறி மாறி வாசியுங்கள். இருவருக்கும் விடை தெரியாததை மட்டும் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கொண்டுபோங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசையில் இப்படி ஒரு கேள்வி வருமானால் எந்தப் போதகரும் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து பேசுவார்.

இப்படிக்கு,
தமிழ்ச் சபைகளில் வேதபாட வகுப்பு நடத்துவோர் சிலர்,
சிங்கப்பூர்